140 முகவரிகள்

ஜூன் பிறந்துவிட்டால் அந்தமானில் சுற்றுலா அடங்கிவிடும். மெனு கார்டு, லோகோ, பெயர்ப்பலகை என்று ஹோம்ஸ்டேக்காரர்களுக்கும் டைவிங் கடைகளுக்கும் வரைந்து கொடுத்துப் பிழைப்பவள் நான். மழைக்காலம் முடியும்வரை என் போன் ஒலிக்காது. அந்த நாலு மாதத்தில் அவர்கள் என்னை மறந்துவிடக் கூடாதே என்றுதான், சிப்பிகாட்டில் என் மேசையில் இருந்தபடி மாதம் ஒரு மின்மடல் எழுத ஆரம்பித்தேன்.

முதல் மடலை ஜிமெயிலில் இருந்தே அனுப்பினேன். 140 முகவரிகள். மறைத்து அனுப்பும் பெட்டியில் போட வேண்டியதை அவசரத்தில் ‘சிசி’ பெட்டியில் போட்டுவிட்டேன். எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சுவராஜ் தீப்பில் தங்கும் விடுதி நடத்தும் அண்ணன் ஒருவர் அன்று மாலையே கூப்பிட்டார்.

“ஏம்மா, என் மெயில் ஐடி எல்லாருக்கும் போயிருக்கே. பக்கத்து ரிசார்ட்காரரும் அதுல இருக்காரே?”

“தப்பு நடந்துபோச்சுண்ணே. இனிமே இப்படி நடக்காது.”

“சரி விடு. அடுத்த தடவ பாத்து அனுப்பு.”

அவர் என்னை நம்பிக் கொடுத்த முகவரி அது. அன்றிரவே மின்மடல் சேவைகளைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

இந்தச் சேவைகள் செய்வது எளிய வேலைதான். உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மடலை அனுப்பும். வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ள ஒரு இணைப்பு தரும். திரும்பி வந்த முகவரிகளைக் களைந்துவிடும். இதற்குக் காசு வாங்கும் விதத்தில்தான் பெரிய வித்தியாசம். மெயில்சிம்ப் போன்றவை தலைக்கணக்கு வைக்கின்றன: பட்டியலில் எத்தனை பேரோ அதற்கேற்ற கட்டணம். 2001-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தை 2021-ல் இன்டூயிட் வாங்கியது. முன்பு 2,000 பேர் வரை இலவசமாக இருந்த திட்டம் பிறகு 500 ஆகச் சுருங்கியது. சென்டின்ப்ளூ என்ற பழைய பெயரை 2023-ல் மாற்றிக்கொண்ட பிரெவோ, அனுப்பும் மடலைத்தான் எண்ணும். அடிக்கடி சலுகை அறிவிக்கும் கடைக்கு முதல் கணக்கு லாபம். என்னைப் போல மாதம் ஒரு மடல் எழுதுகிறவருக்கு, பட்டியல் வளர வளர, இரண்டாவதுதான் லாபம்.

கிட் என்ற சேவை என்னை ரொம்ப ஈர்த்தது. அதை 2013-ல் கன்வர்ட்கிட் என்ற பெயரில் தொடங்கிய நேத்தன் பேரி ஒரு டிசைனர். டிசைன் பற்றித் தான் எழுதிய மின்நூல்களை விற்கும்போதுதான் மின்னஞ்சல் பட்டியலின் பலத்தை அவர் கண்டுகொண்டார். ஆனால் அது தாங்கள் எழுதியதை விற்றுப் பிழைப்பவர்களுக்காகக் கட்டப்பட்ட வீடு. நான் விற்பது மடலை அல்ல, வேலையை.

கட்டணம் குறைவென்று கடைசியில் ஒரு வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தேன். நவம்பரில், சீசன் சூடுபிடித்த நேரத்தில், மாதத் தொகை கார்டிலிருந்து போகவில்லை, கணக்கு முடங்கிவிட்டது. கார்டில் இருந்து தானாகப் பிடிக்கும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் புதிய விதி கொண்டுவந்தது; முன்கூட்டியே நாம் சம்மதம் பதிய வேண்டும். அந்தப் பதிவை அந்தச் சேவையின் பக்கம் ஏற்கவில்லை. டாலர் கட்டணம் தெரியாமல் கூடுவதும் சேர்ந்துகொண்டது. ரூபாயில் பில்லும் ஜிஎஸ்டி ரசீதும் கிடைக்க வேண்டும் என்று முடிவெடுத்து, சோஹோ கேம்பெயின்ஸுக்கு மாறினேன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். தென்காசியிலும் அவர்களுக்கு அலுவலகம் உண்டு. என் அளவுக்கு அதன் இலவசத் திட்டமே போதுமானதாக இருந்தது.

எந்தச் சேவையில் சேர்ந்தாலும் அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரியைப் போடாதீர்கள். வருடத்துக்குச் சில நூறு ரூபாயோ ஆயிரமோ கொடுத்துச் சொந்தமாக ஒரு டொமைன் வாங்குங்கள். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் கெடுபிடி காட்டுகின்றன: எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற அடையாளச் சான்றுகள் இல்லாத மடல் ஸ்பாம் கூடைக்குப் போகலாம், அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம். பெயர்கள் மிரட்டினாலும் வேலை அரை மணி நேரந்தான். சேவை தரும் நாலைந்து வரிகளை டொமைன் விற்றவரின் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

டிசைனர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மடல் முழுவதையும் ஒரே அழகான படமாக்கி அனுப்பும் ஆசை நமக்கெல்லாம் உண்டு. செய்யாதீர்கள். இங்கே இணைய வேகத்தை நம்ப முடியாது. சென்னையிலிருந்து இந்தத் தீவுகளுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கேபிள் வந்து, 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்தோம்; ஒரு போஸ்டர் ஃபைலை ஏற்றிவிட்டுச் சமைத்து முடித்து வந்தாலும் பாதிதான் போயிருக்கும். இன்றும் தீவுகளில் பல இடங்களில் சிக்னல் மெலிந்துதான் இருக்கிறது. படம் வராவிட்டாலும் சேதி புரிய வேண்டும். நாம் தேர்ந்தெடுத்த தமிழ் எழுத்துருவும் ஜிமெயிலில் வராது. வாசிப்பவர் போனில் உள்ள எழுத்துருதான் வரும். படங்கள் நீங்கலாக 102 கேபியைத் தாண்டிய மடலின் வாலை ஜிமெயில் வெட்டிவிடும். விலகும் இணைப்பு அந்த வாலில்தான் இருக்கிறது.

மடலின் அடியில் தபால் முகவரி கேட்பார்கள். அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த வழக்கம் இது. வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்ணாக, என் வாசலை 140 பேருக்கு எழுதிக் கொடுக்க எனக்கு மனமில்லை. அஞ்சலகத்தில் ஒரு தபால் பெட்டி எடுத்து அந்த எண்ணைப் போட்டேன். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கையும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆப்பிள் 2021-ல் கொண்டுவந்த பாதுகாப்பில், யாரும் படிக்காத மடலும் திறந்ததாகக் கணக்காகும். பதில் வந்ததா என்று மட்டும் பார்க்கிறேன்.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி பட்டியலை முழுதாக இறக்கி என் கணினியில் வைத்துக்கொள்கிறேன். இப்படி எடுத்துக்கொண்டு வெளியேற விடாத சேவையில் சேரவே சேராதீர்கள்.

சேவை மாறிய பிறகு அனுப்பிய முதல் மடலில் விலை, சலுகை எதுவும் எழுதவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. தாத்தா நெல் விதைத்த வயலில் கடல் வந்து நின்றுவிட்டது. இன்று அங்கே அந்தமான் தாராக்கள் மேய்கின்றன. பறவை பார்ப்பவர்கள் கேமராவோடு வந்து போகிறார்கள். ஒரு தாராவை வரைந்து, அந்த வயலைப் பற்றிப் பத்து வரி எழுதினேன். பதினோரு பேர் பதில் போட்டார்கள். சுவராஜ் தீப் அண்ணன் பதிலில் ஒரே கேள்வி: “நம்ம வாசல் போர்டுல இந்தப் பறவைய வரைஞ்சு தர முடியுமாம்மா?”