பிள்ளை வாங்கிய டைமண்டும் பெற்றோர் கணக்கில் போன பணமும்

மொபைல் கேமில் பிள்ளை டாப்-அப் செய்து பெற்றோரின் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால், நம் வீடுகளில் முதலில் விழுவது அடி. அடுத்து வங்கிக்கு ஓட்டம். இரண்டாலும் பணம் திரும்புவதில்லை. பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்புள்ள முதல் இடம், அந்தப் பணம் எதன் வழியாகப் போனதோ அந்த ஆப் ஸ்டோர்தான். அங்கே அவகாசம் மிகக் குறைவு. ப்ளே ஸ்டோரில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேட்டால் கூகுள் நேரடியாகப் பரிசீலிக்கும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் கேம் நிறுவனத்திடமே கேட்கச் சொல்லிவிடுவார்கள்.

எந்த ஜிமெயில் கணக்கு வழியாக வாங்கப்பட்டதோ, அதே கணக்கில் ப்ளே ஸ்டோரைத் திறந்து வாங்கியவற்றின் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு டாப்-அப்புக்கும் ஜி.பி.ஏ. என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். ரசீது மின்னஞ்சலிலும் வந்திருக்கும். பல முறை வாங்கியிருந்தால் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாக ரீஃபண்ட் கேளுங்கள். காரணம் கேட்கும் இடத்தில், என் பிள்ளை என் அனுமதியின்றி வாங்கினான், அவன் வயது இவ்வளவு என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஐபோனிலும் வாங்கியதைப் பற்றிப் புகார் செய்ய ஆப்பிளுக்குத் தனிப் பக்கம் உண்டு. எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேமை அழிப்பதெல்லாம் பிறகு.

வங்கி ஏன் கைவிரிக்கிறது என்று பலர் கோபப்படுகிறார்கள். மோசடியில் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு தரும் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை, பின் எண் போன்ற ரகசியத்தை வாடிக்கையாளரே வெளியே விட்டிருந்தால், புகார் செய்யும் வரையிலான இழப்பு அவருடையது என்கிறது. அப்பா யுபிஐ பின் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து மனப்பாடம் செய்த பையன் விஷயத்தில் வங்கி இதைத்தான் காட்டும். வங்கி மறுக்கிறது என்பதற்காக, யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் கொடுக்காதீர்கள். பணம் போன வழியை விசாரித்தால் உங்கள் வீட்டு மொபைல்தான் வந்து நிற்கும். பொய்ப் புகார் தனிச் சிக்கல். உண்மையிலேயே வெளியாள் எடுத்திருந்தால் மட்டும் அந்த எண்ணைத் தாமதிக்காமல் அழையுங்கள்.

பிள்ளைக்குத் திருட்டுப் புத்தி என்று முடிவுகட்டுவதற்கு முன், அவன் திரையில் என்ன பார்த்தான் என்று பாருங்கள். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற கேம்களில் விலை ரூபாயில் இருக்காது, டைமண்டில் இருக்கும். டைமண்ட் 310, 520 என்று கட்டுக்கட்டாகத்தான் கிடைக்கும். 400 டைமண்ட் விலையுள்ள உடை வேண்டுமென்றால் 310 போதாது, 520 வாங்கத் தோன்றும். மிச்சம் 120 கையில் நின்று அடுத்ததை வாங்கச் சொல்லும். சில ஸ்கின்களை, அதாவது உடை, துப்பாக்கி அலங்காரங்களை, விலை கொடுத்தும் வாங்க முடியாது. ஸ்பின் சுற்ற வேண்டும், வருமா வராதா தெரியாது. பக்கத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், இன்று விட்டால் போச்சு என்று. பணம் கட்டி இப்படிக் குலுக்கிப் பார்க்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018-இல் அறிவித்தது. பெரியவர்களே தடுமாறும் ஏற்பாட்டில் பத்து வயதுப் பிள்ளையிடம் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஃபோர்ட்நைட் நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கையை ஒவ்வொரு பெற்றோரும் அறிய வேண்டும். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளைகள் வாங்க விட்டது, பட்டன்களைக் குழப்பமாக வைத்துத் தவறி அழுத்தினாலும் பணம் பிடித்தது, கார்டு நிறுவனத்திடம் முறையிட்டவர்களின் கேம் கணக்கைப் பூட்டியது ஆகியவை குற்றச்சாட்டுகள். வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் கட்ட 2022 டிசம்பரில் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. வடிவமைப்பிலேயே தவறு இருக்கலாம் என்பதை ஓர் அரசு அமைப்பு சுட்டிக்காட்டியது.

நம் நாட்டிலும் பிடிமானம் உண்டு. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. பணம் பெற்றோர் கணக்கிலிருந்து போனதால் நிறுவனம் எதிர்வாதம் வைக்கும். ஆனாலும் ஒப்பந்தம் செல்லாது என்பதைப் புகாரில் கட்டாயம் எழுதுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், வாங்குபவரை ஏமாற்றும் 13 வகைத் திரை உத்திகளைத் தடை செய்கின்றன. பொய்யான அவசரம் காட்டுவதும், சந்தாவில் மாட்டிவிட்டு வெளியேற விடாமல் செய்வதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஸ்டோரும் கேம் நிறுவனமும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள், வக்கீல் இல்லாமல் மனு போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை.

ஆன்லைன் ரம்மியைத்தான் தடை செய்துவிட்டார்களே, இந்த டைமண்ட் விற்பனை எப்படி நடக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடுக்கிறது. உடைக்கும் துப்பாக்கிக்கும் டைமண்ட் விற்கும் கேம்கள் அந்த வரையறைக்குள் வருவதில்லை.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை, பிள்ளை பயந்து மறைப்பது. போன பணத்தை எப்படியாவது ஈடுகட்ட நினைக்கும் பிள்ளை, இலவச டைமண்ட் தருகிறோம் என்ற லிங்க்கைத் தொடுவான். பாதி விலைக்கு கேம் ஐடி விற்பதாகச் சொல்லும் முகம் தெரியாதவனிடம் ஓடிபி-யைக் கொடுப்பான். இழப்பு அங்கேதான் பெருகும். 2021-இல் மத்தியப் பிரதேசத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் கேமில் 40 ஆயிரம் ரூபாய் போன பிறகு உயிரை மாய்த்துக்கொண்டான். எந்தத் தொகையும் அவ்வளவு பெரியதல்ல. எவ்வளவு போனது, எந்த ஐடி, யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அருகில் உட்காரவைத்து நிதானமாகக் கேளுங்கள். ரீஃபண்டுக்கு வேண்டிய விவரமும் அவனிடம்தான் இருக்கிறது. பிள்ளை ஒடுங்கிப்போனாலோ, வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல் பேசினாலோ தனியாக விடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவி எண் 14416, இரண்டும் இலவசம்.

இன்றே செய்ய வேண்டிய வேலைகள் சில. யுபிஐ பின்னை மாற்றுங்கள். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி வையுங்கள். அந்த மொபைலில் பிள்ளையின் கைரேகையும் பதிவாகியிருந்தால் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பூட்டியும் பயனில்லை. சேமித்து வைத்த கார்டை எடுத்துவிடுங்கள். பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி ஃபேமிலி லிங்க்கில் இணைத்தால், அவன் வாங்க நினைப்பது முதலில் உங்களிடம் அனுமதி கேட்டு வரும். கடைசியாக, யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து பாருங்கள். வாராந்திர மெம்பர்ஷிப் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அங்கேயும் ப்ளே ஸ்டோர் சந்தாப் பக்கத்திலும் ரத்து செய்யுங்கள். கேமை மொபைலிலிருந்து நீக்கினாலும் சந்தா நிற்காது.