எபிசோடு 37: ரயில் ஓடுது, சத்தம் மட்டும் வரல

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும் இன்னிக்கு எடுத்துக்கறேன். "ஓப்பன் சோர்ஸ் கேம்னு சொல்றீங்க. கோட் வெளியில கிடக்கு, யார் வேணா எடுத்துக்கலாம். அப்புறம் அதை டெபியன்ல சேர்க்க ஏன் மாசக்கணக்கா ஆகுது? ஒரு ஃபைலை அப்லோட் பண்ற வேலைதானே?"

அப்லோட் பண்றது அஞ்சு நிமிஷ வேலைதான். மீதி நேரமெல்லாம் எங்க போகுதுன்னு சொல்றேன். அதுக்கு ஓப்பன்டிடிடி கதைதான் சரியா வரும்.

கிறிஸ் சாயர் என்ற ஒரே மனிதர் பெரும்பாலும் அசெம்பிளி மொழியிலேயே எழுதிய கேம் டிரான்ஸ்போர்ட் டைகூன். 1994-ல் வந்தது, அடுத்த வருஷம் அதன் டீலக்ஸ் பதிப்பு. தண்டவாளம் போடணும், பஸ் விடணும், நிலக்கரி ஏத்தணும், காசு பார்க்கணும். 2004-ல் லுட்விக் ஸ்ட்ரிஜியஸ் அந்தக் கேமைப் பிரிச்சு ஆராய்ஞ்சு, அதே மாதிரி இயங்கும் ஒரு இன்ஜினை எழுதி ஜிபிஎல் லைசென்ஸில் வெளியிட்டார். அதுதான் ஓப்பன்டிடிடி. கோட் முழுக்க சுதந்திரம். ஆனா ரயில் பொம்மை, மரம், வீடு, சத்தம் எல்லாம் பழைய சிடியில் இருக்கிற ஃபைல்கள். அவை கம்பெனியின் சொத்து. சிடி வெச்சிருந்தா விளையாடலாம், இல்லன்னா வெறும் இன்ஜின்தான் மிச்சம்.

இங்கே டெபியனின் அறைகளைத் தெரிஞ்சுக்கணும். "மெயின்" என்பது முழுக்க சுதந்திரமான சாஃப்ட்வேருக்கான இடம். "கான்ட்ரிப்" என்பது தான் சுதந்திரமா இருந்தாலும், வேலை செய்ய சுதந்திரமில்லாத வேறொன்றை நம்பியிருக்கும் சாஃப்ட்வேருக்கு. "நான்-ஃப்ரீ" என்றால் பெயரிலேயே இருக்கு. 2023-ல் வந்த டெபியன் 12-லிருந்து ஃபர்ம்வேருக்கும் தனி அறை போட்டிருக்காங்க, நமக்கு இன்னிக்கு அது வேண்டாம். டெபியன் தன்னுடைய அதிகாரபூர்வ பகுதின்னு சொல்லிக்கறது மெயினை மட்டும்தான்.

ஓப்பன்டிடிடி கான்ட்ரிப்ல உட்கார்ந்திருந்தது. சிடி இல்லாம ஓடாதே!

அதை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தது கோட் எழுதினவங்க இல்லை, படம் வரைஞ்சவங்க. ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ்னு ஒரு கூட்டம் ஒவ்வொரு ரயில் பெட்டியையும், ஒவ்வொரு மரத்தையும் பிக்சல் பிக்சலா புதுசா வரைஞ்சாங்க. சத்தத்துக்கு ஓப்பன்எஸ்எஃப்எக்ஸ், இசைக்கு ஓப்பன்எம்எஸ்எக்ஸ். 2010 ஏப்ரல் 1-ல் ஓப்பன்டிடிடி 1.0.0 வந்தது. தேதியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நிஜமாவே வந்தது. பழைய சிடி இல்லாமலேயே விளையாடலாம்னு ஆச்சு, மெயினுக்குள்ள போகவும் வழி பிறந்தது.

ஆனா சத்தம் வெளியிலேயே நின்னுடுச்சு.

ஓப்பன்எஸ்எஃப்எக்ஸ் அப்போது கிரியேட்டிவ் காமன்ஸ் சாம்பிளிங் பிளஸ் 1.0 என்ற லைசென்ஸில் இருந்தது. ஒரு ஒலியிலிருந்து துண்டு எடுத்துப் புதுசா ஏதாவது செய்யலாம், அதை விற்கக்கூட விற்கலாம். ஆனா அந்த ஒலியை அப்படியே முழுசாக் காசுக்குப் பரப்பக் கூடாது. விளம்பரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. கேட்க நியாயமாத்தான் இருக்கு, இல்லையா? ஆனா டெபியனின் சுதந்திர மென்பொருள் வழிகாட்டி, 1997-ல் எழுதினது, முதல் விதியிலேயே விற்பனையைத் தடுக்கக் கூடாதுன்னு சொல்லுது. ஆறாவது விதி, எந்தத் துறையில் பயன்படுத்துறாங்கன்னு பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாதுன்னு சொல்லுது. சாம்பிளிங் பிளஸ் ரெண்டிலும் இடிச்சுது. கிரியேட்டிவ் காமன்ஸே அந்த லைசென்ஸை 2011-ல் ஓய்வு கொடுத்து அனுப்பிடுச்சு. அது வேற கதை.

விளைவு என்ன? டெபியனில் கேம் மெயினில், சத்தம் நான்-ஃப்ரீயில். மெயினில் இருக்கும் பேக்கேஜ் வெளியே இருக்கும் ஒண்ணை "கட்டாயம் வேணும்"னு சொல்ல முடியாது, "பரிந்துரைக்கிறேன்"னும் சொல்ல முடியாது. "இப்படி ஒண்ணு இருக்கு, விருப்பம்னா பாருங்க"ன்னு மட்டும்தான் சொல்லலாம். அதனால ஆப்ட் இன்ஸ்டால் கொடுத்தவங்களுக்கு ரயில் ஓடும், காசு சேரும், ஸ்டேஷன்ல சத்தம் மட்டும் இருக்காது. பிறகு ஓப்பன்எஸ்எஃப்எக்ஸ் சிசி பை-எஸ்ஏ 3.0-க்கு மாறியது. இப்படி மாறணும்னா ஒவ்வொரு ஒலியின் சொந்தக்காரரும் சம்மதிக்கணும், இல்லன்னா அந்த ஒலிக்கு மாற்று தேடணும். மாட்டுச் சத்தத்துக்கு லைசென்ஸ் கேட்டு மெயில் போடறதை நினைச்சுப் பாருங்க.

"நாமென்ன கேமை விற்கவா போறோம்? வணிக நோக்கமில்லாமன்னு போட்டா என்ன தப்பு?"ன்னு நிறைய பேர் கேட்பாங்க. நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. தமிழ்நாடு அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸ் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது, ஞாபகம் இருக்கா? சி-டாக் சென்னையில் உருவாக்கிய அந்த டிஸ்ட்ரோ டெபியனை அடிப்படையாக் கொண்டது. மாணவருக்கு அது இலவசம். ஆனா அந்த லேப்டாப்பை டெண்டர் எடுத்துக் கொடுத்த கம்பெனிக்கு அது வியாபாரம். ஹார்ட் டிஸ்கில் "வணிக நோக்கமில்லாமல் மட்டும்" என்ற ஒரு ஒலி ஃபைல் இருந்தா, அது எந்தக் கணக்கில் வரும்? இப்படி ஒரு கேள்வியே எழாம இருக்கத்தான் மெயின்னு ஒரு அறை. உபுண்டு, ராஸ்பெர்ரி பை ஓஎஸ்னு டெபியனிலிருந்து எடுப்பவர்கள் எல்லாரும், இந்தச் சோதனையை ஒருத்தர் ஏற்கெனவே செஞ்சுட்டார்ங்கற நம்பிக்கையில்தான் எடுக்கிறாங்க.

சரி, அந்த ஒருத்தர் என்ன செய்கிறார்?

முதல்ல ஐடிபி, அதாவது "இதை நான் பேக்கேஜ் பண்ணப் போறேன்"னு டெபியனின் பக் டிராக்கரில் ஒரு அறிவிப்பு. ரெண்டு பேர் ஒரே வேலையைச் செய்யாம இருக்க. அப்புறம் சோர்ஸுக்குள்ள "டெபியன்"னு ஒரு ஃபோல்டர். அதில் கன்ட்ரோல் ஃபைல், ரூல்ஸ் ஃபைல், சேஞ்ச்லாக் எல்லாம் இருக்கும். இதெல்லாம் ஒரு வார இறுதியில் கத்துக்கலாம். உயிரை எடுப்பது காப்பிரைட் ஃபைல். சோர்ஸில் இருக்கும் எல்லா ஃபைலுக்கும் யார் உரிமையாளர், என்ன லைசென்ஸ்னு அதில் எழுதணும்.

நான் ஒரு சின்ன பசில் கேமுக்கு இதைச் செய்ய உட்கார்ந்தேன். லைசென்ஸ்செக் என்ற கருவி கோட் ஃபைல்களை நிமிஷத்தில் அலசிடும். படத்தையும் பாட்டையும் அதால் படிக்க முடியாது. கோட் எல்லாம் ஒரே எம்ஐடி லைசென்ஸ், ஜாலி. ஆர்ட் ஃபோல்டரைத் திறந்தா மூணு பேர் வரைஞ்ச ஐகான், எங்கிருந்தோ வந்த ஒரு ஃபான்ட், பின்னணி இசைக்குப் பக்கத்தில் ஒரு ரீட்மீ. அதில் ஒரே வரி: இலவசமாகப் பயன்படுத்தலாம். அவ்வளவுதான். மாற்றலாமா? விற்கலாமா? ஒண்ணும் இல்லை. இசையமைத்தவரின் முகவரியைத் தேடிப் பிடிச்சு மெயில் போட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு பதில் வந்தது. தாராளமா எடுத்துக்கோங்க, எந்த லைசென்ஸ்னு நீங்களே சொல்லுங்கன்னார். நிறைய படைப்பாளிகள் இப்படித்தான். கொடுக்க மனசு இருக்கும், எப்படி எழுதிக் கொடுக்கணும்னு தெரியாது.

பதிலே வரலன்னா? அந்த ஃபைலை சோர்ஸிலிருந்தே வெட்டி எடுத்துட்டு, மறுபடி கட்டி, பதிப்பு எண்ணுக்குப் பின்னால் பிளஸ் டிஎஃப்எஸ்ஜின்னு ஒரு வால் ஒட்டுவாங்க. டெபியனில் பேக்கேஜ் பெயரைப் பார்க்கும்போது இந்த வால் தெரிஞ்சா, உள்ளே ஏதோ அறுவை சிகிச்சை நடந்திருக்குன்னு அர்த்தம். ஃபான்டுக்கு இவ்வளவு பாடு இல்லை. டெஜாவு மாதிரி தெரிஞ்ச ஃபான்டா இருந்தா கேமோடு வந்த நகலைத் தூக்கிட்டு, டெபியனில் ஏற்கெனவே இருக்கிற ஃபான்ட் பேக்கேஜைக் காட்டிவிடலாம்.

இன்னொரு சிக்கல் "சோர்ஸ்" என்றால் என்னங்கறது. கோடுக்குப் பதில் தெரியும். படத்துக்கு? ஓப்பன்ஜிஎஃப்எக்ஸில் படங்களும், அவற்றை விவரிக்கும் என்எம்எல் ஃபைல்களும் தனியா இருக்கு. கேம் படிக்கும் ஃபைலை அவற்றிலிருந்து கம்பைல் பண்ணணும். தயாரா இருக்கிற ஃபைலை அப்படியே போட்டா ஒத்துக்க மாட்டாங்க. அதனால என்எம்எல் கம்பைலரையே தனி பேக்கேஜா டெபியனில் சேர்த்தாங்க. இட்லி வேணும்னா கடையில் வாங்கிட்டு வரக் கூடாது, மாவாட்டும் கிரைண்டரோடு வரணும்னு சொல்ற மாதிரிதான். எனக்கு இது அதிகப்படியாத் தோணல. பத்து வருஷம் கழிச்சு ஒரு ரயிலின் நிறத்தை மாத்தணும்னா அந்தக் கிரைண்டர் வேணும்.

டெபியன் டெவலப்பர் அல்லாதவர் நேரடியா அப்லோட் பண்ண முடியாது. ஒரு டெவலப்பர் பார்த்துட்டு நமக்காக ஏற்றணும், ஸ்பான்சர்னு சொல்வாங்க. கேம்ஸ் டீம் என்றே ஒரு குழு இருக்கு. பிறகு "நியூ" என்ற வரிசை. எஃப்டிபி மாஸ்டர்கள் என்ற சிறு குழு, புதுசா வரும் ஒவ்வொரு பேக்கேஜையும் மனுஷக் கண்ணாலேயே பார்க்கும். எல்லாரும் தன்னார்வலர்கள். மாசக்கணக்கு என்று கேட்டீங்களே, அதில் பெரும்பகுதி இந்த வரிசையில் போகலாம்.

உள்ளே போனதும் கம்பைலேஷன். டெபியன் 12 ஒன்பது வகை கம்ப்யூட்டர்களுக்கு வந்தது. அதில் எஸ்390எக்ஸ்னு ஒண்ணு, ஐபிஎம் மெயின்ஃப்ரேம். பேங்க் கணக்கு பார்க்கும் அந்த மெஷினுக்கும் சூப்பர்டக்ஸ்கார்ட் மாதிரியான கேமைக் கம்பைல் பண்ணிப் பார்ப்பாங்க. யாரு சார் மெயின்ஃப்ரேமில் கார் ரேஸ் ஓட்டப் போறாங்கன்னு நானும் சிரிச்சிருக்கேன். ஆனா அந்த மெஷின் ஒரு எண்ணின் பைட்டுகளை நம்ம லேப்டாப்புக்கு எதிர்வரிசையில் அடுக்கும். சேவ் ஃபைலை அலட்சியமா எழுதின கோட் அங்கே போய் மாட்டிக்கும். அதே ஒன்பது காரணத்தால்தான் பெரிய கேம்களை ரெண்டா வெட்டுவாங்க. ஜீரோ ஏடி-யில் இன்ஜின் தனி பேக்கேஜ், ஜிபி கணக்கில் இருக்கும் படமும் இசையும் தனி பேக்கேஜ். படம் எந்தக் கம்ப்யூட்டரிலும் படம்தான், அதை ஒன்பது தடவை சேமிக்க வேண்டாம்.

உள்ளே வந்தாச்சு, முடிஞ்சதான்னா, இல்லை. டெபியன் ஸ்டேபிள் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும், நடுவில் பதிப்பு மாறாது. தனியா விளையாடும் கேமுக்கு அதனால கவலை இல்லை. நாலு பேரோடு ஆன்லைனில் விளையாடும் கேமுக்கு அது தலைவலி. நண்பன் புதுப் பதிப்பு, நீங்க பழைய பதிப்பு, சேர முடியாது. பேட்டில் ஃபார் வெஸ்நாத் கேமின் பேக்கேஜ் பெயரிலேயே எண் இருக்கும். டெபியன் 12-ல் வெஸ்நாத்-1.16, 13-ல் வெஸ்நாத்-1.18. ஒரு தொடர் இன்னொன்றோடு ஒத்துப்போகாதுங்கறதைப் பெயரிலேயே சொல்லிட்டாங்க. நேர்மையான ஏற்பாடு.

பைத்தான் 2-ன் ஆயுள் 2020 ஜனவரி 1-ல் முடிஞ்சது. அதில் எழுதிய கேம்களை யாராவது பைத்தான் 3-க்கு மாற்றணும், இல்லன்னா வெளியே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டாட்டங்கள் இருக்கிற பைசால்எஃப்சி அப்படி மாற்றப்பட்டுப் பிழைச்சது. ஆள் கிடைக்காத கேம்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எந்தக் கம்பெனியும் சர்வரை மூடல, யாரும் வழக்குப் போடல. பார்த்துக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஃபிளாட்பேக்ல போட்டா இந்தத் தொல்லையெல்லாம் இல்லையேன்னு கேட்டா, ஓரளவு உண்மை. பழைய லைப்ரரியையும் கேமோடு சேர்த்துக் கட்டிடலாம். அந்தப் பழைய லைப்ரரியில் ஓட்டை இருந்தா யார் அடைப்பாங்கங்கற கேள்வி அங்கேயும் நிக்குது. நான் ரெண்டையும் பயன்படுத்தறேன், சண்டை போடற மனநிலையில் இல்லை.

யாருக்காவது கை அரிச்சா, புது கேமைத் தூக்கிட்டு வரவேண்டாம். டெபியன் வெச்சிருக்கறவங்க ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப் என்ற பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணுங்க. நீங்க ஆப்ட் ஓட்டும்போதெல்லாம், உங்க மெஷினில் இருக்கிற பேக்கேஜ்களில் எதுக்கு ஆள் தேவைப்படுதுன்னு பட்டியல் காட்டும். அதில் உங்களுக்குப் பிடிச்ச கேம் ஒண்ணு இருந்தா, அதன் பக் பக்கத்தைத் திறந்து கடைசி மெயில் எந்த வருஷம் வந்திருக்குன்னு பாருங்க. காப்பிரைட் ஃபைல்ல எங்கயாவது மாட்டினா எனக்கு எழுதுங்க, அடுத்த கேள்வி-பதில் எபிசோடுல எடுத்துக்கறேன்.