நாற்காலியில் இருக்கும் நேரமா, நடந்து முடிந்த வேலையா?

புது தில்லி: காலை 9 மணி நெருங்கும் வேளையில், மத்தியச் செயலக மெட்ரோ ரயில் நிலையத்திலிருந்து அரசு ஊழியர்கள் விரைந்து வெளியேறுவது தலைநகரின் அன்றாடக் காட்சி. அலுவலக வாயிலில் அவர்களுக்காகக் காத்திருக்கிறது ஆதாருடன் இணைந்த வருகைப் பதிவுக் கருவி. 2014-ஆம் ஆண்டு மத்திய அரசு அலுவலகங்களில் இம்முறை அறிமுகமானது. தாமதமாக வருவது வழக்கமானால், அரை நாள் தற்செயல் விடுப்பு கழிக்கப்படும்.

ஊழியர் எப்போது வந்தார், எப்போது சென்றார் என்பதை அந்தக் கருவி துல்லியமாகச் சொல்லிவிடும். இடைப்பட்ட நேரத்தில் எத்தனை கோப்புகள் முடிவுக்கு வந்தன என்பதை மட்டும் அது சொல்லாது. நேரம் தவறாமை அவசியமே. மனுவுடன் காத்திருக்கும் குடிமகனுக்கு ஆளில்லாத நாற்காலி அநீதிதான். ஆனால், நாற்காலியில் ஆள் இருப்பதே வேலை நடப்பதற்குச் சான்று என்று கருதுவது முதல் தவறு.

எழுபதும் தொண்ணூறும்: இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான என்.ஆர். நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் கூறினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியையும் ஜப்பானையும் அவர் உதாரணம் காட்டினார். வாரத்துக்கு 90 மணி நேர உழைப்பை வலியுறுத்தி எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் பேசியது 2025 ஜனவரியில் வெளியாகி, விவாதத்தை மேலும் சூடாக்கியது.

கூடுதல் நேரம் என்றால் கூடுதல் உற்பத்தி என்பது இரண்டாவது தவறான எண்ணம். முதல் உலகப் போர்க்கால பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் உற்பத்திக் கணக்குகளை, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் ஜான் பென்கவெல் 2014-ஆம் ஆண்டு ஆராய்ந்தார். ஏறத்தாழ 50 மணி நேரத்தைத் தாண்டியதும், ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்தின் பலனும் குறைந்துகொண்டே சென்றது. வாரத்துக்கு 70 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்திக்கும், 56 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்திக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதாவது 14 மணி நேர உழைப்பு ஏறக்குறைய வீண்.

உதாரணமாகக் காட்டப்படும் நாடுகளும் இன்று வேறு பாதையில் செல்கின்றன. ஜெர்மனியில் ஒரு தொழிலாளர் ஆண்டுக்குச் சராசரியாக 1,340 மணி நேரம் அளவில்தான் பணிபுரிகிறார். மெக்சிகோவில் அது ஏறத்தாழ 2,200 மணி நேரம். ஆயினும், ஒரு மணி நேர உழைப்பில் உருவாகும் மதிப்பில் ஜெர்மனியே பல மடங்கு முன்னிற்கிறது. மிகை உழைப்பால் நேரும் மரணத்துக்கென்றே தனிச்சொல் உருவான ஜப்பான், 2018-ஆம் ஆண்டு சட்டம் இயற்றி மிகை நேரப் பணிக்கு வரம்பு விதித்தது.

சோம்பல்தான் காரணமா?: இந்தியாவின் உற்பத்தித் திறன் குறைவாக இருப்பது உண்மை. அதற்குத் தொழிலாளர்களின் சோம்பலே காரணம் என்பது மூன்றாவது தவறு. நாட்டில் பணிபுரிவோரில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏற்கெனவே வாரத்துக்கு 49 மணி நேரத்துக்கு மேல் உழைப்பதாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தரவுகள் தெரிவிக்கின்றன. 2023-24-ஆம் ஆண்டில் உழைப்போரில் 46 சதவீதத்தினர் வேளாண்மையைச் சார்ந்திருந்தனர். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் அத்துறையின் பங்கோ ஐந்தில் ஒரு பங்கை எட்டவில்லை. சிறு நிலம், பழைய இயந்திரம், போதிய பயிற்சியின்மை ஆகியவற்றால் விளையும் குறைபாட்டை, கடிகார முள்ளை நகர்த்தித் தீர்த்துவிட முடியாது.

மிகை உழைப்புக்கு விலையும் உண்டு. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ பணிபுரிந்ததால் ஏற்பட்ட பக்கவாதம், இதய நோய் காரணமாக 2016-இல் உலகெங்கும் சுமார் 7.45 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மதிப்பிட்டுள்ளன. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட 2024-25-ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கையும், மிகை நேர உழைப்பால் உடல் நலமும் மன நலமும் கெடும் என்று எச்சரித்தது.

கணக்கில் வராத வேலை: வாரத்துக்கு 70 மணி நேரம் என்பது, ஆறு நாள் வேலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம். அவ்வளவு நேரம் வெளியே இருப்பவருக்கு யார் சமைப்பது, குழந்தையை யார் பார்ப்பது? 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் பெண்கள் நாள்தோறும் 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். அலுவலக நேரத்தை அளவுகோலாக்கும்போது, வீட்டிலும் உழைக்கும் பெண் "திறன் குறைந்தவர்" ஆகிவிடுகிறார்.

போராடிப் பெற்ற வரம்பு: வைசிராயின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்தவர் அம்பேத்கர். அவரது முயற்சியில் உருவான 1946-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமே, 54 மணி நேர வாரத்தை 48 மணி நேரமாகக் குறைத்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் அதை உறுதி செய்தது. தமிழக சட்டப்பேரவையில் 2023 ஏப்ரலில் நிறைவேறிய 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் மசோதா, தொழிற்சங்கங்களின் கடும் எதிர்ப்பால் அதே ஆண்டு மே தினத்தன்று கைவிடப்பட்டது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்ற வரம்பையும், மிகை நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியத்தையும் தக்கவைத்துள்ளன. மிகை நேரத்துக்குத் தொழிலாளியின் சம்மதம் தேவை என்கிறது சட்டம். ஆனால், அந்த மிகை நேரம் எவ்வளவு என்பதை அரசுகளின் விதிகளே தீர்மானிக்கும். வேலை போய்விடுமோ என்று அஞ்சும் ஒப்பந்தத் தொழிலாளியின் "சம்மதம்" எத்தகையது என்பது சொல்லாமலே விளங்கும்.

நிறுவனத் தலைவரின் உழைப்புக்குப் பங்கு மதிப்பு உயர்வு பரிசாகக் கிடைக்கிறது. கூலித் தொழிலாளிக்குக் கிடைப்பது முதுகுவலி மட்டுமே என்றால், அந்த உழைப்பை நாட்டுப்பற்று என்று அழைப்பது எவ்வகையில் நியாயம்? எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று கேட்பவர்கள், அந்த உழைப்பின் பலன் யாருக்குச் சென்றது என்றும் கேட்க வேண்டும்.