கப்பற் பயணமும் சிறுவர் கூடமும்

கடற்பயணம் நம்மவர்க்குப் புதியதன்று. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் வந்திறங்கினர். ‘ரஜூலா’, ‘சிதம்பரம்’ என்னும் கப்பற் பெயர்கள் முதியோர் நாவில் இன்றும் வழங்குகின்றன. தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்த அக்காலத் தாய்மார் தம் பிள்ளைகளைக் கண்பார்வையிலேயே வைத்துக் காத்தனர். 1985ஆம் ஆண்டில் ‘சிதம்பரம்’ தீ விபத்துக்கு உள்ளானபின் அதன் பயணங்கள் முடிவுற்றன.

இன்று விடுமுறையைக் கழிப்பதற்காகவும் நம்மவருள் சிலர் கப்பலேறுகின்றனர். சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மரினா பே கப்பல் முனையத்திலிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் செல்கின்றன. இத்தகைய உல்லாசக் கப்பல்கள் பலவற்றில் சிறுவர்க்கெனத் தனிக் கூடமும் அவர்களைக் கவனிக்கப் பணியாளரும் உண்டு. சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் நாங்களும் அத்தகைய கப்பல் ஒன்றில் சென்றோம். ஆறு வயது மகனை அக்கூடத்தில் விடலாமா, விட்டால் பெற்றோர் கடமையில் தவறியவர் ஆவோமோ என்னும் ஐயம் எங்களுக்கு எழுந்தது. பிறர்க்கும் இவ்வையம் எழக்கூடும். ஆதலால் நாங்கள் அறிந்தவற்றை இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

சிறுவர் கூடம் என்பது யாது?

வயதுக்கேற்பப் பிள்ளைகளைப் பிரித்து, ஓவியம், கைவினை, கதை, நாடகம், எளிய அறிவியற் சோதனை, புதையல் தேடும் விளையாட்டு முதலியவற்றை நடத்தும் இடமே சிறுவர் கூடம். ராயல் கரீபியன் நிறுவனக் கப்பல்களில் இதனை ‘அட்வெஞ்சர் ஓஷன்’ என்பர். அங்கே 3 வயது நிறைந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வர். அவர்கள் அணையாடை இன்றிக் கழிவறைக்குச் செல்லப் பழகியிருத்தல் வேண்டும். பதின்ம வயதினர்க்கு வேறு இடம் உண்டு. டிஸ்னி நிறுவனக் கப்பல்களில் 6 மாதம் நிறைந்த கைக்குழந்தைகளுக்கும் காப்பகம் இருக்கின்றது. அதற்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். பெரிய பிள்ளைகளின் பகல்நேர நிகழ்ச்சிகளுக்கான செலவு பெரும்பாலும் பயணக் கட்டணத்திலேயே அடங்கிவிடும். பின்னிரவு நேரத்திற்குக் கட்டணம் கேட்கும் கப்பல்களும் உள. கப்பலேறும் முன்னரே இவற்றைக் கேட்டறிதல் நன்று.

ஆயாக் கொட்டகை தந்த பாடம்

பிள்ளையைப் பிறர் பொறுப்பில் விடுவது தோட்டப்புற மக்கள் அறியாத செயலா? விடியற்காலையில் பால்மரம் வெட்டச் சென்ற தாய்மார் தம் குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். அவர்களை அன்பற்றவர் என்று எவரும் கூறியதில்லை. ஆயாவை அவர்கள் அறிந்திருந்தனர். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மறைக்காமல் சொன்னார்கள். வேலை முடிந்ததும் வேறெங்கும் நில்லாமல் நேரே வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். அறிதல், சொல்லுதல், வந்து சேர்தல் ஆகிய இம்மூன்றும் கப்பலுக்கும் பொருந்தும்.

முதலாவது, அறிதல். கப்பலேறிய அன்றே பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்று கூடத்தைப் பார்த்து வருதல் வேண்டும். பிள்ளையை ஒப்படைக்கும்போது யார் கையொப்பமிடுவது, திரும்ப அழைத்துச் செல்ல யாருக்கு அனுமதி, அவசரத்தில் நம்மை எவ்வாறு அழைப்பார்கள் என்பவற்றைக் கேட்க வேண்டும். பெரிய பிள்ளைகள் தாமே வெளியேறலாம் எனப் பெற்றோர் எழுதிக் கொடுக்கச் சில கப்பல்கள் இடமளிக்கின்றன. அவ்வனுமதியை எளிதில் கொடுத்துவிடலாகாது. கூடத்தின் வாயிலைத் தாண்டினால், நீச்சற்குளத்திலும் மாடத்திலும் பிள்ளையைக் காக்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையதே.

இரண்டாவது, சொல்லுதல். நிலக்கடலை ஒவ்வாமை, ஆஸ்துமா, மரக்கறி உணவுப் பழக்கம், இருட்டைக் கண்டு அஞ்சுதல் எதுவாயினும் பதிவுத்தாளில் எழுத வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ உள்ள பிள்ளையை அங்கே அனுப்புதல் ஆகாது. ஒரு பிள்ளையின் நோய் கப்பல் முழுவதும் பரவிவிடும். அங்கே பெரும்பாலும் ஆங்கிலமே பேசுவர். ஆதலின் “தண்ணீர் வேண்டும்”, “கழிவறைக்குப் போக வேண்டும்”, “அம்மாவை அழையுங்கள்” என்னும் மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கிவிடுதல் நலம்.

மூன்றாவது, வந்து சேர்தல். இதில் நாங்களே தவறினோம். முதல் நாள் எங்கள் மகன் வாயிலிலேயே அழுதான். அரைமணி நேரம் உடனிருந்து பின்னர் அழைத்து வந்துவிட்டோம். இரண்டாம் நாள் மகிழ்ச்சியோடு உள்ளே சென்றான். மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன நாங்களோ, கடலைப் பார்த்துப் பேசியிருந்து இருபது நிமிடம் தாமதித்துச் சென்றோம். மற்றப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தனர். அவன் மட்டும் காலணியை அணிந்துகொண்டு, வரைந்த படத்தைச் சுருட்டிக் கையில் பிடித்தவாறு கதவருகே அமர்ந்திருந்தான். அழவில்லை. ஆயினும் அன்று இரவு உறங்கும்வரை எங்கள் கையை விடவில்லை. இருபது நிமிடம் நமக்குச் சிறிது; காத்திருக்கும் பிள்ளைக்கு அது மிகப் பெரிது என்பதை அன்றே உணர்ந்தோம். மூன்றாம் நாள் பத்து நிமிடம் முன்னதாகவே வாயிலில் நின்றோம்.

கப்பலிலும் பெரட்டு

தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு எடுத்து ஆட்களைக் கணக்கிடுவது நாம் அறிந்ததே. கப்பலிலும் அதுபோன்ற ஒன்று உண்டு. ஆபத்து நேர்ந்தால் எங்கே கூடவேண்டும், உயிர்காப்பு அங்கியை எவ்வாறு அணியவேண்டும் என்பதைப் பயணிகளுக்குக் கற்பிப்பர். 1912இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக, 1914இல் கடலில் உயிர்க்காப்புக்கான முதல் உலக உடன்படிக்கை உருவாயிற்று. 2012இல் இத்தாலியக் கடற்கரையருகே ‘கோஸ்டா கொன்கோர்டியா’ கவிழ்ந்து 32 பேர் மாண்டனர். அதன்பின், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் இப்பயிற்சியை நடத்தியாக வேண்டும் என விதி இறுக்கப்பட்டது. பிள்ளை கூடத்தில் இருக்கும்போது அபாயச் சங்கு ஒலித்தால், பணியாளர் அவனைக் கூடுமிடத்திற்குக் கொண்டு வருவரா, நாமே சென்று அழைக்க வேண்டுமா? இக்கேள்விக்கு விடை பெறாமல் பிள்ளையை எவரிடமும் ஒப்படைத்தல் கூடாது. சிறுவர்க்கு அணிவிக்கும் கைப்பட்டையையும் கழற்ற விடலாகாது.

எவ்வளவு நேரம்?

நாள் முழுவதும் பிள்ளையைக் கூடத்தில் விட்டுவிட்டால் அது குடும்பப் பயணமாகாது. நாளொன்றுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் போதும் என்பது எங்கள் கருத்து. அந்நேரத்தில் ஆண்டு முழுவதும் உழைத்த தாயும் தந்தையும் சற்றே ஓய்வு கொள்ளலாம். பிள்ளையும் பிற நாட்டுப் பிள்ளைகளோடு பழகலாம். உணவு வேளையும் சூரியன் மறையும் வேளையும் எல்லோரும் ஒன்றாயிருக்கும் வேளைகளாகட்டும். போக விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டா.

மாணவச் செல்வங்களே! புதிய இடத்தைக் கண்டு அஞ்சாதீர்கள். ஆயினும் எவரேனும் உங்கள் மனத்திற்கு ஒவ்வாதன செய்தால், உடனே பெற்றோரை அழைக்கச் சொல்லுங்கள். நடந்ததை ஒளிக்காமல் கூறுங்கள்.

பெற்றோர்களே! கப்பலேறும் வாய்ப்பு எல்லோர்க்கும் கிட்டுவதன்று. எனினும் பாலர் பள்ளி, விடுமுறை முகாம், உறவினர் வீடு எதுவாயினும் முறை ஒன்றே. இடத்தை அறிவோம், உள்ளதைச் சொல்வோம், சொன்ன நேரத்தில் வாயிலில் நிற்போமாக!