ஏழு கட்டங்களுக்குள் ஒரு தேர்தல்

1996 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நாள். அன்றைக்கு நியூயார்க் டைம்ஸில் வந்த குறுக்கெழுத்துப் புதிரைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது வெட்டிவேலை என்று சிலருக்குத் தோன்றலாம். அந்தப் பத்திரிகையும் 1924-இல் அப்படித்தான் நினைத்தது. பாவகரமான கால விரயம் என்று எழுதிவிட்டு, 1942-இல் தானும் போட ஆரம்பித்தது. பிரதி, வாசகர், அர்த்தம் என்று நாம் மாய்ந்து மாய்ந்து பேசுகிற சங்கதிகளை இந்தப் புதிர் 225 கட்டங்களில் சும்மா நடத்திக் காட்டிவிட்டது என்பதால் எழுதுகிறேன்.

வாரத்தின் முதல் நாட்களில் வரும் புதிர்களுக்கு அங்கே ஒரு மையப்பொருள் இருக்கும். நீண்ட விடைகள் அதைச் சுற்றியே வரும். ஜெரமையா ஃபாரெல் அமைத்து வில் ஷார்ட்ஸ் பதிப்பித்த இந்தப் புதிரின் மையப்பொருள் தேர்தல். நடுவரிசைக்குத் தந்த குறிப்பு: நாளைய பேப்பரின் தலைப்புச் செய்தி. வரிசையின் பின்பாதி 'எலெக்டெட்'. முன்பாதியில் ஏழெழுத்துப் பெயர் ஒன்று வரவேண்டும்.

ஓட்டே எண்ணாதபோது நாளைய செய்தியை இன்றைக்கு எப்படி அச்சடிப்பது? கிளின்டன், பாப் டோல் இரண்டுமே ஆங்கிலத்தில் ஏழெழுத்து. (தமிழில் இந்த வித்தை நடக்காது, ஒன்று ஐந்தெழுத்து, மற்றது நாலு.) அந்த ஏழு கட்டங்களையும் மேலிருந்து கீழாக வெட்டும் ஏழு குறிப்புகளும் இரட்டை விடை கொண்டவை. 'ஹாலோவீன் கறுப்பு விலங்கு' பூனையாகவும் இருக்கலாம், வௌவாலாகவும் இருக்கலாம்: 'கேட்', 'பேட்'. தையற்கடையில் வாங்குவது 'யார்ன்' அல்லது 'யார்ட்'. நான் பென்சிலால் முதலில் கிளின்டனை எழுதினேன். அழித்து டோலை எழுதினேன். சுற்றிலும் வேறொரு கட்டம்கூட அசையவில்லை. வேறுபாடுகளால்தான் அர்த்தம் உண்டாகிறது என்று சசூர் சொன்னதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசிக் கட்டம். குறிப்பு: அதிகம் விவாதிக்கப்படும் அரசியல் முதலெழுத்துகள். கிளின்டன் என்று எழுதினால் அங்கே என்.ஆர்.ஏ. வருகிறது, துப்பாக்கிக்காரர்களின் சங்கம். டோல் என்றால் ஈ.ஆர்.ஏ., பெண்களுக்குச் சம உரிமை கோரி 1972-இல் காங்கிரஸில் நிறைவேறி, போதுமான மாநிலங்கள் ஏற்காததால் 1982-இல் காலாவதியான சட்டத்திருத்தம். 1993-இலும் 1994-இலும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களில் கையெழுத்திட்டுத் துப்பாக்கிச் சங்கத்தின் பகையைச் சம்பாதித்தவர் கிளின்டன். அவர் பெயருக்கு அடியில் போய் அந்தச் சங்கமே உட்காருகிறது! எழுத்துக்குக் கட்சி ஏது?

அன்றைக்கு ஷார்ட்ஸுக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. கிளின்டன் என்று நிரப்பியவர்கள், தேர்தல் நாளில் எப்படி இப்படி ஒரு பக்கம் சாயலாம் என்று கோபப்பட்டார்கள். டோல் என்று நிரப்பியவர்கள் ஏதோ பெரிய பிழை நடந்துவிட்டதென்று நினைத்தார்கள். இரண்டு விடை உண்டு என்பது ஒரு விடையைக் கண்டவருக்குத் தெரியவே தெரியாது. எல்லா இடமும் கச்சிதமாகப் பொருந்திவிட்டதே, அப்புறம் ஏன் சந்தேகம் வரப்போகிறது? வாசகரே எழுதும் பிரதி என்று பார்த் விரும்பியதை இதோடு ஒப்பிட ஆசை வரும். ஆனால் இங்கே வாசகருக்குக் கிடைத்த சுதந்திரம் அமைப்பாளர் முன்னமே அளந்து வைத்தது. இரண்டு பெயர், ஏழு கட்டம், முடிந்தது. 'திறந்த பிரதி' என்று இதைப் புகழ்பவர்களோடு எனக்கு இதில்தான் ஒட்டவில்லை.

அந்தத் தேர்தலில் வாக்களிக்கும் வயதுள்ளவர்களில் பாதிப்பேர் ஓட்டுப்போடவே வரவில்லை. வந்தவர்களில் சுமார் 80 லட்சம் பேர், 8 சதவீதத்துக்கும் மேல், மூன்றாவதாக ஒருவருக்குப் போட்டார்கள். அவர் ராஸ் பெரோ. பெரோ என்று மட்டும் எழுதினால் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து, இரண்டு கட்டம் காலி. முழுப்பெயரையும் எழுதினால் ஒன்பது.