ஸ்கோர் போர்டு பொய் சொல்லும்!

ராஜபாளையம் என்றால் வெள்ளை வெளேர் நாய் (2005-ல் தபால்தலையிலேயே இடம்பிடித்த பெரிய மனுஷன்!). ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோயில், பால்கோவா. இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அந்த பஸ்ஸில் ஊருக்கு ஒருவராக இரண்டு காலேஜ் பையன்கள். இருவருமே பாஸ்கெட்பால் பைத்தியங்கள். ஒரு சின்னக் கற்பனை...

"எங்க டீம் நேத்து 84 பாயிண்ட். நீங்க?"

"நாங்களும் ஜெயிச்சோம். 68."

"அவ்வளவுதானா? போடா, போய் பால்கோவா சாப்பிடு!"

ராஜபாளையத்துக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள, பின் சீட்டிலிருந்து பாங்க் அண்ணாச்சி ஒருவர் தலையை நீட்டுகிறார்.

"தம்பி, ஒரு கடையில 10 கிலோ பால்கோவா கிண்டுனாங்க, இன்னொரு கடையில 8 கிலோ. யாரு கெட்டிக்காரன்?"

"10 கிலோக்காரன்!"

"எத்தனை லிட்டர் பால்லனு கேட்க வேணாமா?"

விஷயம் இதுதான். பாஸ்கெட்பாலில் 'பால்' என்பது வாய்ப்பு. பந்து உங்கள் டீம் கைக்கு வந்து, எதிரி கைக்குப் போகும்வரை ஒரு வாய்ப்பு. தடதடவென்று ஓடி ஆடும் டீமுக்கு வாய்ப்பு அதிகம், பாயிண்ட்டும் அதிகம். நிதானமாக ஆடினால் இரண்டும் குறைவு. ஆகவே கேட்க வேண்டியது, ஒரு வாய்ப்புக்கு எத்தனை பாயிண்ட்?

கணக்கு சுலபம். கூடையை நோக்கி எறிந்தவை 76. அதில் தவறி வந்த பந்தை நாமே மறுபடி பிடித்தது 12; அதைக் கழியுங்கள், அது பழைய வாய்ப்பின் தொடர்ச்சி. எறியாமலே கோட்டை விட்டது 17, கூட்டுங்கள். ஃப்ரீ த்ரோ 20. பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவதால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 0.44-ஆல் பெருக்கினால் 9. ஆக மொத்தம் 90 வாய்ப்பு, 84 பாயிண்ட். வாய்ப்புக்கு 0.93.

ஸ்ரீவில்லிபுத்தூர் பையனின் டீமுக்குக் கிடைத்தது 68 வாய்ப்பு என்றால்? வாய்ப்புக்கு 1. இப்போது காலர் யாருடையது?

அமெரிக்காவில் டீன் ஸ்மித் என்ற கோச் 1950-களிலேயே இப்படி எண்ண ஆரம்பித்தவர். 1961 முதல் 1997 வரை நார்த் கரோலினா பல்கலைக்கழக டீமை நடத்தி 879 வெற்றிகள் குவித்தார். 2004-ல் டீன் ஆலிவர் புத்தகமே போட்டு, வெற்றியை நாலு விஷயத்தில் அடக்கினார். குறி, கோட்டை விடாமை, தவறிய பந்தைப் பிடிப்பது, ஃப்ரீ த்ரோ. இதில் குறிக்குத்தான் முதல் மரியாதை. அதிலும் சூட்சுமம் உண்டு. 15 எறிந்து 6 போட்டவருக்கு 12 பாயிண்ட். த்ரீ பாயிண்டராக 15 எறிந்து 5 போட்டவருக்கு 15! குறைவாகப் போட்டவர்தான் அதிகம் சம்பாதித்தவர்.

சரி, நம்மூரில்? மேட்ச் மேஜையில் இருக்கும் ஸ்கோர் ஷீட்டைப் பாருங்கள். பாயிண்ட், ஃபவுல், டைம் அவுட் எல்லாம் இருக்கும். தவறிய பந்துக்கும் ரீபவுண்டுக்கும் அதில் இடமே கிடையாது!

இதில் ஒரு பையனின் எதிர்காலமே மாட்டிக்கொள்கிறது. இந்தியன் பாங்க், ஐ.ஓ.பி. டீம்களில் இடம்பிடிப்பதும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்குவதும் நடுத்தர வீட்டுப் பையன்களின் கனவு. என்னோடு படித்த ஒருவன், மேட்சுக்கு நாலு பாயிண்ட் தாண்ட மாட்டான். ஆனால் தவறும் பந்தெல்லாம் அவன் கையில்தான் விழும். பந்தைக் கோட்டை விட்டதே இல்லை. 'ஸ்கோர் இல்லை' என்று செலக்‌ஷனில் கழற்றிவிட்டார்கள். அவன் பிடித்த பந்துகளை யாரும் எழுதி வைக்கவில்லையே! அவன் அதன்பிறகு கோர்ட் பக்கமே வரவில்லை.

இத்தனைக்கும் தேவை ஒரு நாற்பது பக்க நோட்டு, பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ரிசர்வ் ஆட்டக்காரர். அவ்வளவுதான்.

அதற்காக நோட்டே வேதம் என்றும் சொல்லக்கூடாது. இரண்டு மேட்சை வைத்து யாரையும் எடைபோட முடியாது. பத்துப் பன்னிரண்டாவது வேண்டும். எதிரியை மறித்து நண்பனுக்கு வழிவிட்டவன் பெயர் நோட்டிலும் ஏறாது. கோச்சின் கண்ணும் வேண்டும், நோட்டும் வேண்டும்.

பஸ் ராஜபாளையம் வந்துவிட்டது. இறங்கும்போதும் நம்மாள் விடவில்லை.

"அண்ணாச்சி, எங்களோட மோதினவன் பயங்கர ஸ்ட்ராங்கு. அவனுங்களோட மோதினது சப்பை டீமு!"

அண்ணாச்சி முகத்தில் பிரகாசம். "அப்படிக் கேளு! எதிரியோட பலத்தையும் கணக்குல சேர்க்கணும். அமெரிக்காவுல கென் பொமராய்னு ஒரு வானிலை நிபுணர் அப்படித்தான் காலேஜ் டீமுக்கெல்லாம் ரேங்க் போட்டாரு."

"அப்போ யாரு பெரிய டீமு?"

"எதிர் டீம் நோட்டைக் கொண்டா, சொல்றேன்."

"அவங்க நோட்டே போடலையே!"

"நீ?"

பையன் தலையைச் சொறிந்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கியவன் நேராகப் போனது டீக்கடைக்கு அல்ல... ஸ்டேஷனரி கடைக்கு!