துறைமுகச் சாலை – 9: ஏழு நாள் கெடு

லாரித் தொழிலில் ஒவ்வொரு நடைக்கும் ஒரு கணக்கு உண்டு. டீசல், டோல், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், டிரைவர் பேட்டா என்று போகும் நோட்டில் நடுநடுவே வெறும் ஊர்ப் பெயர் ஒன்று வரும். பக்கத்தில் இருநூறு அல்லது ஐநூறு என்று இருக்கும். என்ன செலவு என்று எழுதியிருக்காது.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் ஒரு டிரைவர் தம்பி தன் நோட்டை என்னிடம் காட்டினார். மகாராஷ்டிரம் வரை போய்த் திரும்பிய நடை. கர்நாடகத்தைத் தாண்டியதும் அந்த ஊர்ப் பெயர்கள் நெருங்கி நெருங்கி வந்தன. பேப்பர் எல்லாம் சரியாக இருந்ததா என்று கேட்டேன். தலைக்கு மேலிருந்த பெட்டியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தார். ஆர்.சி., எஃப்.சி., நேஷனல் பர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, டாக்ஸ் ரசீது, லைசென்ஸ், இன்வாய்ஸ், இ-வே பில். எதிலும் தேதி முடிந்திருக்கவில்லை. ஆர்.சி. செருகியிருந்த பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த இருநூறு ரூபாய்த் தாள்கள் சில இருந்தன.

“பேப்பர் சரியா இருந்தா எரநூறு, இல்லன்னா ரெண்டாயிரம். அம்புட்டுதான் அண்ணாச்சி வித்தியாசம்” என்றார்.

சொந்த மாவட்டத்தில் வண்டியை நிறுத்தினால் டிரைவர் பேசிப் பார்ப்பார். முதலாளி பெயரைச் சொல்வார், ஷெட்டுக்கு போன் போடுவார். மாநில எல்லை தாண்டிய பிறகு அந்தப் பலமெல்லாம் போய்விடுகிறது. நடுச்சாமம், சாலைக்குக் குறுக்கே பேரிகேட். டார்ச் வெளிச்சம் முதலில் நம்பர் பிளேட்டில்தான் விழும். டி.என். 69 என்று கண்டதும், இவன் தூரத்து ஆள், மொழி தெரியாது, இங்கே இவனுக்கு யாரும் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. ஃபைல் கைமாறும். பிறகு அதைத் திருப்பித் தரமாட்டார்கள். என்ன குற்றம் என்று சொல்லவும் மாட்டார்கள். சும்மா நிற்க வைப்பார்கள். வெளிநாட்டில் வண்டி ஓட்டுபவன் படும் பாட்டைத் தன் நாட்டுக்குள்ளேயே ஒரு தமிழ் டிரைவர் படுகிறார்.

நிற்க வைப்பதிலேயே காரியம் முடிந்துவிடும். ஏற்றுமதிக் கன்டெய்னருக்கு கட்-ஆஃப் என்று ஒரு நேரம் உண்டு. அதற்குள் துறைமுக கேட்டுக்குள் போகாத பெட்டி அந்தக் கப்பலில் ஏறாது, அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடக்கும். வாடகை ஏறும், சரக்குக்காரர் கத்துவார், பழி டிரைவர் தலையில் விழும். துறைமுகச் சரக்கு ஏற்றிய வண்டியை நிறுத்துபவருக்கும் இது தெரியும். கொல்லத்து முந்திரி ஆலைக்குப் போகும் ஆப்பிரிக்கக் கொட்டையானாலும், வடக்கே போகும் உப்பானாலும், எழுபது எண்பது மீட்டர் நீளக் காற்றாலை இறக்கையானாலும் நேரத்துக்கு விலை இருக்கிறது. இறக்கை வண்டிகளின் பாடு இன்னும் மோசம். அளவு மீறிய சரக்கு என்பதால் அவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதித் தாளில் குறை கண்டுபிடிப்பது எவருக்கும் சுலபம்.

இன்னொரு பயமும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. “ஸ்டேஷனுக்கு வா” என்ற இரண்டு சொல். 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்கில் கடையடைக்கும் நேரத்தைக் காரணம் காட்டிப் போலீஸாரால் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் உயிரோடு வீடு திரும்பவில்லை. சொந்த ஊரில், சொந்தக் கடை வைத்து, ஊரே அறிந்த இருவருக்கு அந்த கதி. அந்த மாவட்டத்துப் பிள்ளை தெரியாத ஊரில், தெரியாத மொழியில் அதே சொல்லைக் கேட்டால் உறைக்குள்ளிருந்து தாளை எடுக்காமல் என்ன செய்வார்? அவரைக் கோழை என்று சொல்பவர்கள் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

இது ஒருவர் இருவர் கதை இல்லை. சாலைப் பாதுகாப்பு அமைப்பான சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் 2020 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட லாரி டிரைவர்கள், உரிமையாளர்களில் 82 விழுக்காட்டினர் கடைசி நடையில் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னார்கள். நாடு முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 48,000 கோடி ரூபாய் இப்படிப் போகிறது என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. நகரவாரியாகப் பார்த்தால் கவுகாத்திக்கு அடுத்த இடத்தில் நம் சென்னை இருந்தது, 89 விழுக்காடு. ஆகவே வடக்கே போனால்தான் இந்தத் தொல்லை என்று நாம் பேசிக்கொள்வதில் நியாயமில்லை. காற்றாலை உதிரிகளோடு தூத்துக்குடிக்கு வரும் ராஜஸ்தான், ஹரியானா டிரைவர்கள் இங்கே தமிழ் தெரியாமல் நிற்கிறார்கள். அவர்களுடைய ஃபைலுக்குள்ளும் மடித்த தாள் இருக்கிறது.

சட்டம் மாறவில்லையா என்றால், நிறையவே மாறியிருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரலிலிருந்து இ-வே பில். அந்த ஆண்டு நவம்பரில் மோட்டார் வாகன விதி 139 திருத்தப்பட்டு, டிஜிலாக்கர், எம்-பரிவாகன் என்ற அரசுச் செயலிகளில் உள்ள ஆவணங்களைப் போனில் காட்டினால் போதும் என்றானது. ஃபைலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நிற்க வைக்கும் வித்தைக்கு நேரான மருந்து அது. ஆனால் பல டிரைவர்களின் போனில் வண்டி ஆவணம் இல்லை. ஆர்.சி. முதலாளி பெயரில் இருக்கிறது. அதை டிரைவர் போனில் ஏற்றிக் கொடுக்க முதலாளிக்கு நேரமில்லை, ஷெட்டில் ஞாபகப்படுத்த ஆளில்லை. பத்து நிமிட வேலை அது.

2019 செப்டம்பரில் அபராதங்கள் உயர்ந்தன. அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. பாரம் குறைய வேண்டும், சாலை பிழைக்க வேண்டும் என்பது சரியான நோக்கம். ஆனால் அபராதம் ஏறும்போது அதைக் காட்டி மிரட்டி வாங்கும் தொகையும் சேர்ந்து ஏறுகிறது. பாரத்தைத் தீர்மானிப்பது டிரைவரா? சரக்குக்காரரும் ஷெட்டும் தீர்மானித்த பாரத்துக்கு ரோட்டில் பதில் சொல்பவர் அவர்.

வணிகவரிச் சாவடி போன பிறகும் போக்குவரத்துத் துறைச் சாவடிகள் பல எல்லைகளில் நீடித்தன. 2024 ஜூலை 1 முதல் மத்தியப் பிரதேசம் தன் எல்லைச் சாவடிகளை மூடியது. 2025 ஜனவரியில் வாளையார் உள்ளிட்ட பாலக்காட்டுச் சாவடிகளில் கேரள லஞ்ச ஒழிப்புத் துறையான விஜிலன்ஸ் புகுந்து பார்த்தபோது கணக்கில் வராத பணம் சிக்கியது. சிக்கியது நல்லது. பிடித்தால் பணம் இருக்கிறது என்றால், பிடிக்காத இரவுகளிலும் இருந்திருக்கும்.

இனி இந்த வாரம் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் 24 என்றொரு பிரிவு இருந்தது. நான் லஞ்சம் கொடுத்தேன் என்று வாக்குமூலம் தருபவர் மீது, அந்த வாக்குமூலத்தை வைத்து வழக்குப் போட முடியாது என்று அது காத்தது. 2018 ஜூலை 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. இப்போது 8ஆம் பிரிவின்படி கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். விலக்கு ஒன்று உண்டு: கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் போலீஸிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அவர் மீது குற்றமில்லை.

இந்த ஏழு நாளை ஒரு டிரெய்லர் டிரைவரின் வாரத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரு எல்லையில் பணம் போகிறது. அடுத்த இரவு வேறொரு மாநிலம். நாலாம் நாள் சரக்கு இறங்குகிறது. திரும்பு லோடுக்காக ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருப்பு. மறுபடி அதே ரோடு, அதே பேரிகேட், அதே ஆட்கள். ஏழு நாளில் அவர் எந்த மாநில ஆபீஸில், எந்த மொழியில் எழுதிக் கொடுப்பார்? எழுதிக் கொடுத்துவிட்டு எப்படி அந்த வழியே திரும்புவார்? திருத்தம் கொண்டுவந்தவர்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து லஞ்சம் கொடுப்பவரை நினைத்திருக்கிறார்கள். பதினாறு சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவரை நினைக்கவில்லை.

அந்தப் பணம் டிரைவருடையதும் இல்லை. நடை கிளம்பும்போதே முதலாளி வழிச்செலவு என்று ஒரு தொகையைக் கையில் தருகிறார். அதில் இதுவும் அடக்கம். மிஞ்சினால் டிரைவருக்கு, மீறினால் டிரைவர் பேட்டாவிலிருந்து. வாடகை பேசும்போதே புக்கிங் ஆபீஸ்காரர் இதைச் சேர்த்துத்தான் பேசுகிறார்; சரக்கு அனுப்புபவருக்கும் தெரியும். இத்தனை பேர் தெரிந்து ஒதுக்கிய பணத்தைக் கை நீட்டிக் கொடுத்தவர் என்ற ஒரே காரணத்துக்காகச் சட்டத்தின் முன் முதலில் நிற்பவர் மாதச் சம்பளமும் பேட்டாவும் வாங்கும் ஒருவர். நிறுவனத்தைத் தொடும் 9ஆம் பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. தன் சார்பில் ஒருவர் தொழிலுக்காக லஞ்சம் கொடுத்தால் அந்த நிறுவனத்துக்கு அபராதம். அதை ஷெட் முதலாளிகள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

வளைகுடாவில் ஓட்டிவிட்டு வந்தவர்கள் நம் கரையோர ஊர்களில் நிறையப் பேர். அவர்களிடம் பேசினால் அங்கே பயம் வேறு மாதிரி என்கிறார்கள். சவூதியில் 2010 முதல் சாஹிர் என்ற கேமரா முறை வந்தது. நிறுத்துவார் இல்லை, கேட்பார் இல்லை, அபராதம் நேராக இகாமா என்ற குடியிருப்பு அனுமதியின் எண்ணில் ஏறிவிடும். குவைத் 2023 ஆகஸ்டில், வெளிநாட்டவர் போக்குவரத்து அபராத பாக்கி இருந்தால் கட்டிவிட்டுத்தான் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்றது. சம்பளத்தில் அது பெரிய அடி. முதலாளி அவசரப்படுத்தி ஓட்டச் சொன்ன வேகத்துக்கும் டிரைவர்தான் கட்டுகிறார். ஆனாலும் திரும்பிவந்த ஒரு பெரியவர் சொன்னது மனதில் நிற்கிறது: “அங்க எவ்வளவு போச்சுன்னு போன்ல வந்துரும் தம்பி. எதுக்குப் போச்சுன்னும் வரும்.” தப்பு என்ன, தொகை என்ன என்பது எழுத்தில் இருந்தால், அது தவறாக இருந்தாலும் எதிர்த்துக் கேட்க ஒரு பிடி கிடைக்கிறது.

முறையீட்டை யார் எழுதுகிறார் என்பது இந்தக் கரையில் பழைய கேள்வி. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், 1544-ல் தன் உடனூழியர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதங்களில் போர்த்துகீசிய கேப்டனைப் பற்றி மனம் நொந்து எழுதினார். காப்பதாகச் சொல்லி வந்தவர்களே பரதவ மக்களை வாட்டினார்கள். முத்துக்குளித்தவர்கள் நேராக எழுதியிருந்தால் போர்த்துகீசியரின் தலைமையிடமான கோவாவில் யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மேலிடம் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருந்த ஒருவர் எழுதியதால்தான் இன்றும் அது ஏட்டில் நிற்கிறது.

டிரைவர் எழுதுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். எழுத வேண்டியவர் வண்டி உரிமையாளர்; அவருக்குப் பின்னால் நிற்க வேண்டியவர் சரக்குக்காரர். டிரைவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இடம், நேரம், கேட்ட தொகை, முடிந்தால் நின்ற ரோந்து வண்டியின் எண். இந்த நாலையும் வண்டி நகர்ந்த பிறகு ஷெட்டுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜாகத் தமிழிலேயே அனுப்பினால் போதும். 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டாக் கட்டாயம் என்பதால், எந்த டோலை எத்தனை மணிக்கு வண்டி தாண்டியது என்பது தானாகவே பதிவாகிறது, ஜி.பி.எஸ். வைத்த வண்டி எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பதும் இருக்கிறது. கேரளம், தெலங்கானா, மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் லஞ்ச ஒழிப்புக்கு அழைக்கும் எண் ஒன்றேதான், 1064. அந்தந்த மொழி பேசத் தெரிந்த ஒரு ஆளைச் சங்கத்தில் சம்பளத்துக்கு வைத்தால் ஏழு நாள் கெடுவுக்குள் புகார் போய்ச் சேரும். டிரைவர் பெயரில் ஒரு வரி, அவர் கட்டாயத்தின் பேரில் கொடுத்தார் என்பது, அதில் முதலாவதாக இருக்க வேண்டும். அவரைக் காப்பது அந்த வரிதான்.

பணம் கொடுப்பதற்கு முன்பே தகவல் சொல்லிவிட்டு, பிடித்துக் கொடுக்கும் நோக்கத்தில் கொடுத்தால் அது குற்றமே ஆகாது என்றும் சட்டம் சொல்கிறது. ஒரே சாவடியில் தினமும் போய்வரும் வண்டிகளுக்கு இது பொருந்தும். புளியரை வழியாகக் கேரளம் போகிறவர்களுக்கு அந்த ரோடு மனப்பாடம். அடுத்த முறை எங்கே நிறுத்துவார்கள் என்று அவர்களால் முன்கூட்டியே சொல்ல முடியும்.

நடைக் கணக்கில் அந்த ஊர்ப் பெயர்களை இனி வழிச்செலவாக ஒதுக்காமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு புகார் எண் எழுத முடியுமா என்று தூத்துக்குடியில் சில ஷெட் முதலாளிகளிடமும் ஏற்றுமதியாளர்களிடமும் கேட்டேன். சிலர் வாடகைக் கணக்கைக் காட்டினார்கள், சிலர் போனை வைத்துவிட்டார்கள், ஒருவர் மட்டும் தன் வண்டிகளின் நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். அவர்கள் சொன்னதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)